பழைய ஸ்னேர் டிரம்முக்கு பார்ட்ஸ் தேடுறீங்களா? முதல்ல டிரில் மெஷினைக் கீழே வைங்க!

அறுபது வருஷப் பழைய டிரம் ஒன்று ஊமையாகிப்போக பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மரை போன ஒரு திருகு, விரிசல்விட்ட ஒரு பித்தான், தேய்ந்துபோன ஒரு லீவர்... இதில் ஏதாவது ஒன்று போதும். தோலும் உடம்பும் நல்லாத்தான் இருக்கும். ஆனால், அந்த ஒரு துண்டு உலோகம் இல்லாமல் டிரம் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஸ்னேர் டிரம் என்றதும் குழம்ப வேண்டாம். ஸ்கூல் பேண்டில் கழுத்தில் மாட்டி அடிப்பார்களே, அந்த 'சைடு டிரம்' குடும்பம்தான். டிரம் செட்டில் வாசிப்பவரின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருப்பது இது. கீழ்ப்பக்கத் தோலை உரசியபடி மெல்லிய சுருள் கம்பிகள் இருக்கும். அந்த 'சர்ர்' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த டிரம்களில் பழசுக்குத்தான் மவுசு. குறிப்பாக, 1920கள் முதல் 1970கள் வரை அமெரிக்காவில் தயாரான லுட்விக், ஸ்லிங்கர்லாண்ட், கிரெட்ச், ராஜர்ஸ். இவற்றைச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள், தினமும் மேடையில் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தலைவலி ஒன்றுதான்: பார்ட்ஸ்!

அவசரப்பட்டு, 'கிடைச்சதை மாட்டிடலாம்' என்று புதிதாக ஒரு துளை போட்டுவிட்டால், அதைத் திரும்ப அடைக்கவே முடியாது. டிரம்மின் மதிப்பு விழும். அடுத்து ஒரிஜினல் பாகம் கிடைத்தாலும் அந்த ஓட்டை பக்கத்தில் நின்று சிரிக்கும். அதனால் எதைத் தேடணும், எப்படி அளக்கணும், எதைச் செய்துகொள்ளலாம், எதைத் தொடவே கூடாது என்று வரிசையாகப் பார்ப்போம்.

எந்தப் பாகம் எதற்கு?

டிரம்மின் உருளை உடம்புக்கு 'ஷெல்' என்று பெயர். மேலும் கீழும் தோலை இறுக்கிப் பிடிக்கும் வளையம் 'ரிம்' அல்லது 'ஹூப்'. ரிம்மைக் கீழே இழுக்கும் நீளமான திருகு 'டென்ஷன் ராட்'. அந்த ராட் போய் இறங்கும் பித்தான் போன்ற பகுதி 'லக்'. பெரும்பாலான லக்குகளுக்குள் லேசாக ஆடக்கூடிய ஒரு நட்டு இருக்கும். சிலவற்றில் அந்த நட்டைப் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங்கும் இருக்கும்.

கம்பிகளைத் தோலோடு சேர்க்கவும் விலக்கவும் பக்கவாட்டில் ஒரு லீவர் இருக்கிறது. இதைத்தான் 'ஸ்ட்ரெய்னர்' அல்லது 'த்ரோ-ஆஃப்' என்கிறார்கள். எதிர்ப்பக்கம் கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருப்பது 'பட் பிளேட்'. சில டிரம்களில் சத்தத்தைக் குறைக்க உள்ளே ஃபெல்ட் வைத்த 'மஃப்ளர்' ஒன்றும் இருக்கும்.

இதில் முதலில் உயிரை விடுவது பெரும்பாலும் ஸ்ட்ரெய்னர்தான். டிரம்மில் தினமும் அசைகிற பாகம் அது ஒன்றுதானே! அடுத்தது லக். பழைய லக்குகளில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கீழே விழுந்தாலும் விரிசல், ஓவராக முறுக்கினாலும் விரிசல். மூன்றாவதாக, வளைந்த அல்லது மரை போன டென்ஷன் ராட்.

முதலில் டிரம்மின் ஜாதகம்!

பாகம் தேடும் முன், கையில் இருப்பது எந்தக் கம்பெனி, எந்தக் காலம் என்று தெரிய வேண்டும். ஷெல்லில் இருக்கும் பேட்ஜ்தான் முதல் துப்பு. லுட்விக்கை எடுத்துக்கொண்டால், 1960களில் வந்தவற்றில் மேலே அகலமாகக் கீழே குறுகும் 'கீஸ்டோன்' வடிவ பேட்ஜ். 1970களில் நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த பேட்ஜ். அந்தக் காலத்து மர ஷெல்களின் உட்புறத்தில் தேதி முத்திரையும் இருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆனால், பேட்ஜை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். கம்பெனிகள் பழைய ஸ்டாக்கைத் தீரும்வரை பயன்படுத்தின. சீரியல் நம்பரும் அச்சாக வருஷத்தைச் சொல்லாது. லக் எத்தனை (எட்டா, பத்தா), ஷெல் உலோகமா மரமா, ஸ்ட்ரெய்னர் என்ன வடிவம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்குக் கைகொடுப்பவை கம்பெனிகளின் பழைய கேட்டலாக்குகள். ஒவ்வொரு பாகத்துக்கும் படமும் நம்பரும் அதில் இருக்கும். 'பழைய லுட்விக் லீவர்' என்று தேடினால் ஆயிரம் குப்பை வரும். 'பி-83', 'பி-85' என்று பாக எண்ணோடு தேடினால் சரியான பொருள் வரும். ஜான் ஆல்ட்ரிட்ஜ் எழுதிய பழைய டிரம் வழிகாட்டியும், ராப் குக் எழுதிய லுட்விக், ஸ்லிங்கர்லாண்ட், ராஜர்ஸ் வரலாற்றுப் புத்தகங்களும் சேகரிப்பாளர்கள் அடிக்கடி புரட்டுபவை.

அளவுதான் எல்லாம்

'பார்க்க அதே மாதிரிதான் இருக்கு' என்று வாங்கி ஏமாறுவதுதான் இங்கே அதிகம் நடப்பது. ஒரு வெர்னியர் காலிப்பரும் மரை அளக்கும் கேஜும் இருந்தால் போதும், பாதிக் காசு மிச்சம்.

முதல் அளவு, மரை. அமெரிக்க டிரம்களின் டென்ஷன் ராட் பெரும்பாலும் '12-24' என்ற அளவு. அதாவது விட்டம் சுமார் 5.5 மி.மீ, ஓர் அங்குலத்துக்கு 24 மரை. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைப்பதோ எம்5, எம்6. எம்5 மெலிசு, மரை இடைவெளியும் வேறு. ஒன்றிரண்டு சுற்றிலேயே சிக்கும். எம்6 இன்னும் ஆபத்து. அதன் மரை இடைவெளி 1 மி.மீ, 12-24-க்கு சுமார் 1.06 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால், பலத்தைப் போட்டு முறுக்கினால் ஏறுவது மாதிரி பாவ்லா காட்டும். ஆனால், உள்ளே இருக்கும் நட்டின் மரையைத் தின்றுவிடும்.

லக்கை ஷெல்லோடு பிடித்திருக்கும் சின்னத் திருகுகளிலும் இதே கதை. அமெரிக்க டிரம்களில் அவை பெரும்பாலும் '8-32'. கடையில் எம்4-ஐக் கொடுத்து 'இதான் சார் அது' என்பார்கள். இல்லை! ஐரோப்பிய டிரம்களுக்குக் கணக்கே வேறு. ஜெர்மனியின் சோனார் மெட்ரிக் மரை. பிரிட்டனின் பிரீமியரின் பழைய டிரம்களுக்கு அமெரிக்க ராட் பொருந்தும் என்று முடிவு கட்டாமல், அளந்து பார்த்து வாங்குங்கள்.

சிம்பிளான சோதனை ஒன்று இருக்கிறது. சாவி இல்லாமல், விரலால் மட்டும் ஐந்து சுற்று சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரியான மரை. எங்கேயாவது பிடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, ராட்டின் நீளம். மேலும் கீழும் ஒரே லக்கைப் பகிர்ந்துகொள்ளும் டிரம்களில், இரண்டு ராட்களும் உள்ளே எதிரெதிராக வருகின்றன. நீளம் கூடினால் நடுவில் ஒன்றையொன்று முட்டும். நீங்கள் முறுக்கிக்கொண்டே இருப்பீர்கள், தோல் இறுகாது.

மூன்றாவது, துளைகளுக்கு இடையிலான தூரம். லக்குக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் இதுதான் உயிர்நாடி. ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை அளக்க வேண்டும். மையத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். அதனால், இரண்டு துளைகளும் ஒரே அளவாக இருந்தால், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்பு வரை அளந்தால் அதே தூரம் கிடைத்துவிடும். விற்பவரிடம் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

ரிம் வாங்கும்போது விட்டத்தோடு துளைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். 14 அங்குல ரிம்மில் எட்டுத் துளையும் உண்டு, பத்துத் துளையும் உண்டு. கீழ்ப்பக்க ரிம்மில் கம்பிப் பட்டை வெளியே வர வெட்டுவாய் இருக்கும். மேல் ரிம்மை வாங்கிக் கீழே மாட்ட முடியாது. வந்ததும் சமமான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கம்பெனிக்குக் கம்பெனி கதை வேறு

லுட்விக்: இருப்பதிலேயே சுலபம். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் ஷோவில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் லுட்விக் டிரம் வாசித்ததை அமெரிக்காவே டி.வி-யில் பார்த்தது. அதன்பின் சிகாகோ தொழிற்சாலைக்கு ஆர்டர்கள் குவிந்தன. அவ்வளவு டிரம் செய்ததால், அவ்வளவு பாகங்களும் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. 'பி-85' ஸ்ட்ரெய்னரை லுட்விக் இன்றும் தயாரிக்கிறது. 1960களின் சூப்ராஃபோனிக் டிரம்களில் வந்த 'பி-83'-தான் தேடிப் பிடிக்க வேண்டியது.

ஸ்லிங்கர்லாண்ட்: இதுவும் சிகாகோதான். ஒற்றை மேப்பிள் பலகையை ஆவியில் வளைத்துச் செய்த 'ரேடியோ கிங்' டிரம்மை ஜீன் க்ரூபா பிரபலமாக்கினார். அதில் கம்பிகள் ஷெல்லுக்கு வெளியேயும் நீளும். சாதாரண 14 அங்குலக் கம்பியை வாங்கினால் எட்டாது. 1960களில் வந்த 'ஜூமேட்டிக்' ஸ்ட்ரெய்னரோ, ஸ்லிங்கர்லாண்ட் ரசிகர்களே திட்டும் ரகம். நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம்.

ராஜர்ஸ்: 'டைனா-சோனிக்' மாடலில் கம்பிகள் ஒரு தனி சட்டத்துக்குள் தாமாகவே இறுகி இருக்கும். லீவர் அந்தச் சட்டத்தை ஏற்றி இறக்கும் வேலையை மட்டும் செய்யும். சட்டம் தொலைந்த டைனா-சோனிக்கை விலை குறைவு என்று வாங்கினால், சட்டம் தேடியே களைத்துப்போவீர்கள். பழைய 'பிரெட் அண்டு பட்டர்' லக்குகள் விரிசலுக்குப் பேர் போனவை. வாங்கும் முன் ஒவ்வொரு லக்கையும் தனித்தனியாக ஜூம் செய்து பாருங்கள்.

கிரெட்ச்: நியூயார்க்கின் புரூக்ளின் தயாரிப்பு. கனமான வார்ப்பு ரிம்தான் இதன் அடையாளம். உடைந்தால் தகடு வளைத்த ரிம்மை மாட்டலாம், டிரம்மும் ஒலிக்கும். ஆனால் கிரெட்ச்சின் அந்தக் கச்சிதமான, இறுகிய சத்தம் மாறிவிடும்.

எங்கே தேடுவது?

முதல் வழி, ஏலத் தளங்கள். பாக எண்ணோடு தேடல் எச்சரிக்கை போட்டு வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். இரண்டாவது வழி, பழைய டிரம்களைப் பிரித்து பாகமாக விற்பவர்கள். மூன்றாவது, சிகாகோவில் நடக்கும் விண்டேஜ் டிரம் ஷோ போன்ற சந்தைகள்.

நான்காவது வழிதான் புத்திசாலித்தனமானது. 'தானம் கொடுக்கும்' டிரம் ஒன்றை வாங்குவது! ஷெல் வெடித்த, யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே மாடலை முழுசாக வாங்கினால் லக், ராட், ரிம், ஸ்ட்ரெய்னர் எல்லாம் ஒரே காலத்துச் சரக்காகக் கிடைக்கும். தனித்தனியாக வாங்குவதைவிட இது பல நேரம் மலிவு. ஆனால், நன்றாக இருக்கும் டிரம்மை பார்ட்ஸுக்காகப் பிரிக்காதீர்கள். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொல்வதில் என்ன லாபம்?

ஒரிஜினல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாசித்தால் போதும் என்பவர்களுக்கு ட்ரிக், டன்னெட் போன்ற நிறுவனங்களின் நவீன ஸ்ட்ரெய்னர்கள் இருக்கின்றன. உங்கள் டிரம்மில் ஏற்கெனவே இருக்கும் துளைகளுக்குப் பொருந்தும் மாடல் இருக்கிறதா என்று அளவைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது நிறத்தையும் கவனியுங்கள். 1950கள் வரைக்குமான பாகங்களில் நிக்கல் முலாம் சகஜம். அது லேசாக மஞ்சள் தட்டும். பின்னாளில் வந்த குரோம் லேசாக நீலம் காட்டும். பத்து லக்கில் ஒன்று மட்டும் நீலமாக மின்னினால், பல்வரிசையில் ஒரு பல் மட்டும் வெள்ளையாக இருப்பதுபோலத் தெரியும்.

கிடைக்கவே இல்லையா? செய்துகொள்ளலாம்!

லேத் பட்டறை: டென்ஷன் ராட், லக்குக்குள் இருக்கும் நட்டு, பித்தளைக் குழாய் லக், லீவரின் குமிழ் போன்ற உருண்டையான பாகங்கள் நல்ல டர்னருக்குப் பெரிய வேலையே இல்லை. கையில் ஒரு மாதிரிப் பாகத்தைக் கொடுப்பது அவசியம். அதே டிரம்மிலிருந்தே நல்ல ராட் ஒன்றைக் கழற்றிக் கொடுங்கள். 12-24 டேப்பும் டையும் பட்டறையில் இருக்காது, நீங்களே வரவழைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ராட்டுக்கு ஸ்டீல், நட்டுக்குப் பித்தளை நல்ல ஜோடி. தேய்ந்தால் மலிவான நட்டுதான் தேயும். ராட்டின் சதுரத் தலை டிரம் சாவிக்குப் பொருந்த ஒரு பக்கம் கால் அங்குலம், அதாவது சுமார் 6.3 மி.மீ இருக்க வேண்டும்.

வார்ப்பு: லக் போன்ற வளைவு நெளிவான பாகங்களுக்கு ஒரிஜினலை அச்சாக வைத்துப் பித்தளையில் வார்க்கலாம். இங்கே ஒரு சிக்கல். உருகிய பித்தளை ஆறும்போது சுமார் 1.5 முதல் 2 சதவிகிதம் சுருங்கும். 50 மி.மீ இடைவெளியில் அது கிட்டத்தட்ட 1 மி.மீ. அந்த 1 மி.மீ வித்தியாசத்தால் லக் துளைக்குள் உட்காராது. அதனால், திருகுத் துளைகளை வார்ப்பிலேயே போடாமல், ஆறியபின் அளந்து போடச் சொல்லுங்கள்.

3டி பிரின்ட்: குமிழ், மஃப்ளர் தட்டு, ஸ்பேசர் போன்ற சுமை தாங்காத பாகங்களுக்கு ஓகே. லக் மாதிரி நாள் முழுக்க இழுபடும் பாகத்துக்கு பிளாஸ்டிக்கை நம்ப வேண்டாம். ஆனால், வார்ப்புக்கான அச்சு செய்ய 3டி பிரின்ட் அருமை. சுருக்கத்தைக் கணக்கிட்டு 2 சதவிகிதம் பெரிதாக பிரின்ட் எடுத்துவிடலாமே!

அடாப்டர் தகடு: பழைய துளைக்குப் புது ஸ்ட்ரெய்னர் பொருந்தவில்லையா? 2 முதல் 3 மி.மீ பித்தளைத் தகடு ஒன்றை வெட்டி, அதில் பழைய துளைகளையும் புதுத் துளைகளையும் போடுங்கள். தகடு ஷெல்லின் பழைய துளையில் உட்காரும், ஸ்ட்ரெய்னர் தகட்டில் உட்காரும். ஷெல்லுக்கு ஒரு கீறல்கூட விழாது. நாளை ஒரிஜினல் கிடைத்தால் தகட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம்.

வீட்டிலேயே: கம்பிகளைக் கட்டும் பட்டை அறுந்தால், பழைய பிளாஸ்டிக் டிரம் தோலிலிருந்து பட்டையாக வெட்டிக்கொள்ளலாம். மஃப்ளரில் இற்றுப்போன ஃபெல்ட்டை கிராஃப்ட் கடை ஃபெல்ட்டால் மாற்றலாம். லக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் 'ங்ங்' என்று ரீங்காரமிட்டால், பாகம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிங்குக்குள் கொஞ்சம் பஞ்சு திணித்தால் சத்தம் நின்றுவிடும்.

இந்தியாவில் பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன இடம், உத்தரப்பிரதேசம் மீரட்டின் ஜாலி கோத்தி. டிரம் பாகங்களும் அந்த வட்டாரத்தில் கிடைக்கும். ஆனால், அமெரிக்க அளவுக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காமல், மாதிரியை அனுப்பி அளவு பார்த்து வாங்குங்கள்.

தோல் உட்காரவில்லையா?

1950களின் பிற்பகுதியில்தான் பிளாஸ்டிக் தோல் பரவலானது. அதற்கு முன் கன்றுத்தோல். அதை நனைத்து வளையத்தில் சுற்றிப் பொருத்துவார்கள் என்பதால், ஷெல் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பிரச்னை இல்லை. அந்தக் கால ஷெல் சிலவற்றில் இன்றைய 14 அங்குலத் தோல் இறங்காமல் அடம்பிடிக்கும். உடனே ஷெல்லை ராவி எடுக்கக் கிளம்பாதீர்கள்! இதற்காகவே சற்றுப் பெரிதாக அக்வேரியன் நிறுவனம் 'அமெரிக்கன் விண்டேஜ்' என்ற தோலைத் தயாரிக்கிறது. மாற்ற வேண்டியது தோலை, ஷெல்லை அல்ல.

இதை மட்டும் செய்யாதீங்க!

* விரிசல்விட்ட துத்தநாக லக்கை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். கேஸ் தீயைக் காட்டினால் விரிசலோடு லக்கும் சேர்ந்து காணாமல் போகும். பித்தளைக் குழாய் லக்கை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம்.

* அலுமினிய லுட்விக் ஷெல்லில் குரோம் புள்ளி புள்ளியாக உரிந்திருந்தால் மறுமுலாம் போட ஓடாதீர்கள். அலுமினியத்தில் குரோம் ஒட்டுவதே கஷ்டம். அந்தப் புள்ளிகளால் சத்தம் கெடாது.

* 1920களின் 'பிளாக் பியூட்டி' மாதிரி பூவேலை செதுக்கிய ஷெல்லை பாலிஷ் போடவே போடாதீர்கள். கறுப்பும் போகும், செதுக்கலும் மழுங்கும்.

* பேட்ஜைக் கழற்றாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சேதமில்லாமல் எடுப்பது ரொம்பக் கடினம்.

மாற்றியதை மறைக்காதீங்க

நகல் லக், நகல் பேட்ஜ் எல்லாம் இன்று ஒரிஜினல் போலவே வருகின்றன. உங்கள் டிரம்மை நீங்கள் வாசிக்க நகல் பாகம் மாட்டுவது தப்பே இல்லை. அதை 'ஆல் ஒரிஜினல்' என்று விற்றால் அது மோசடி. எந்தப் பாகத்தை எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, கழற்றிய பழைய பாகத்தோடு ஒரு ஜிப் கவரில் போட்டு டிரம் பெட்டிக்குள் வையுங்கள். உடைந்த பாகத்தையும் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த முறை லேத்காரருக்கோ வார்ப்புக்காரருக்கோ மாதிரி காட்ட அதுதான் உதவும். அந்த டிரம் உங்களுக்குப் பிறகு யார் கைக்குப் போகிறதோ, அவருக்கும் அந்தக் கவர் பெரிய உபகாரம்.